காடழியின் களிறு எங்கே போகும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாகத் தென்றிசை நோக்கிச் செல்வோர் குடாநாட்டின் எல்லையில் ஆனையிறவைக் கடந்தே செல்லல் வேண்டும். இரு மருங்கும் களப்பு நீரும் உப்பளமும் கோடைக் கானலுமாய்த் தோன்றும் அவ்வெளியை நாம் எத்தனையோ முறை கடந்திருக்கின்றோம். விடுமுறைக்கு வன்னி சென்று மீண்ட விடுதி மாணவராயும், பின்னர் தென்னிலங்கையில் உத்தியோகம் பார்த்தவராயும் அவ்வூர்ப் பெயரைப் பன்முறை சொல்லியுமிருக்கின்றோம். அப்பெயருக்குரிய யானை எங்கே போயிற்று என்று கேட்டோமில்லை.

வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற இக்களப்பில் இறங்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டமையால் இடம் அப்பெயர் பெற்றது என்பர். கொண்டுவரப்பட்டவை விலை கூறப்பட்டு மரக்கலமேறி இந்தியக் கரைகளுக்குச் சென்றன. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் தம் மொழியில் ‘யானைத்துறை’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர் என்றும், ஆங்கிலத்தில் வழங்கும் ‘கயிற்ஸ்’ என்பது அதன் சிதைவே என்றும் கூறுவர். வன்னியர் தலைவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்து வருவாயில் யானை வணிகம் தக்கதோர் இடம்பெற்றிருந்தது. இங்ஙனம் ஆண்டுதோறும் யானைகளை வாரிக் கொடுத்தும் வன்னிக் காடு யானையற்றுப் போகவில்லை. அன்றைக்கு இல்லாத ஆபத்து இன்றைக்கு எவ்வாறு வந்தது? இவ்விழா மலரிலே நாம் ஆராயப் புகுவது அதுவே.

துப்பாக்கியும் கோடரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கில ஆட்சியினர் யானையைப் பயிரழிக்கும் விலங்காகக் கருதினர்; கொன்றவர்க்கு வெகுமதியும் வழங்கினர். பதுளைப் பகுதியிற் பதவி வகித்த மேஜர் றொஜர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது பதிவாகியுள்ள செய்தி. அவர் 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டதென எமேர்சன் ரெனன்ற் தமது இலங்கை வரலாற்று நூலிற் குறித்துள்ளார்.

ஈண்டு ஒரு வேற்றுமையை உற்றுநோக்குதல் வேண்டும். இத்துணைக் கொலை நிகழ்ந்த வன்னியில் இன்றும் யானைகள் உள. மலைநாட்டிலோ நிலைமை வேறு. நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஒரு காலத்தில் யானைக் கூட்டங்கள் உலாவின. இன்று அங்கே ஒன்றேனும் இல்லை. ஈரவலயம் முழுவதிலும் சிவனொளிபாதமலைச் சாரலிலும் சிங்கராச வனத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே எஞ்சியுள்ளன. மலைநாட்டுக்கும் துப்பாக்கி சென்றது. ஆயின் அதன் பின்னாலே கோடரியும் சென்றது. வன்னியிற் காடு நின்றமையால் எஞ்சிய யானைகள் ஈன்று பெருகின. மலையிற் காடே போய்விட்டமையால் எஞ்சியவற்றுக்கு இடமில்லாதொழிந்தது.

1830ஆம் ஆண்டுகளிலே விரைவு பெற்ற கோப்பிச் செய்கை, அந்நூற்றாண்டின் எழுபதுகளில் 250,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கைக்கொண்டது. 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோயினாற் கோப்பி அழிந்தது. ஆயினும் காடு மீளவில்லை. 1867இலே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டுத் தொடக்கிவைத்த தேயிலை அந்நிலத்தை மூடிற்று. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவரான யோசேப்பு ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டலாகாது என அறிவுறுத்தினார். இன்று உச்சிமலைகளில் எஞ்சியிருக்கும் காட்டுக்குப் பெரிதும் காரணம் அவ்வறிவுரையே.

யானைக்காவது நடந்து அகலக் கால்கள் இருந்தன. சிற்றுயிர்களுக்கு அதுவும் இல்லை. நம் மலைக்காடுகளில் வாழும் புதர்த்தவளைகள் ஏனைய தவளைகளைப் போல நீரில் முட்டையிடுவன அல்ல. ஈரச் சருகிலும் இலைகளிலும் இடப்படும் முட்டையினுள்ளேயே வாற்பேய்ப் பருவம் கழிய, முழுத் தவளையே வெளிவரும். மேலே மர நிழல் நீங்கினாற் சருகு உலரும். சருகு உலர்ந்தால் முட்டை வற்றும். ஒரு மலைச்சரிவு வெட்டப்பட்டதும், அச்சரிவுக்கே உரியதாயிருந்த இனம் ஒன்று இவ்வுலகிலிருந்தே மறையக்கூடும். இலங்கையிற் சேகரிக்கப்பட்டு நூதனசாலைகளிற் பேணப்பட்ட பழைய மாதிரிகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்த அறிஞர், அவற்றுட் பல இனங்கள் இன்று எங்குமே காணப்படவில்லை என முடிவு செய்தனர். உலகில் அற்றொழிந்தனவாகக் குறிக்கப்பட்ட தவளையினங்களுள் இச்சிறு தீவுக்குரியன பெரும்பங்காகும். அவற்றின் மறைவை அன்று எவரும் அறிந்திலர். யானை மறைந்தமையை மட்டும் ஊரார் அறிந்தனர்.

யானைக்கு வேண்டிய நிலம்

காடு அழிந்தால் விலங்கு அழியும் என்பது எளிதில் விளங்கும் கூற்று. எவ்வாறு அழியும் என்பதே விளக்கம் வேண்டுவது. அதற்கு யானையின் வாழ்வியல்பைச் சிறிது அறிதல் நன்று.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தழையும் புல்லும் பட்டையும் உண்ணும். 100 லீற்றருக்கு மேற்பட்ட நீர் அருந்தும். இவ்வளவையும் ஓரிடத்திலே பெறுதல் இயலாமையின் அது நடந்துகொண்டே இருக்கும். எனினும் அது நாடோடியன்று. கழுத்திலே வானொலிக் கருவி பூட்டி ஆராய்ந்ததில், நம் நாட்டு யானை ஒவ்வொன்றும் நூறு சதுர கிலோமீற்றர் அளவினதாகிய ஓர் எல்லையைத் தனக்கென வரையறுத்து, ஆண்டுதோறும் அதற்குள்ளேயே சுற்றிவருதல் காணப்பட்டது. எந்த மாதத்தில் எந்தக் குளத்தில் நீர் நிற்கும், எந்த வெளியிற் புல் துளிர்க்கும் என்பதை மூத்த பெண்யானை அறியும். கூட்டம் அதனைப் பின்பற்றிச் செல்லும்.

யானைக்கு அடர்காடே ஏற்ற இடம் என நாம் எண்ணுகின்றோம். அது பிழையான எண்ணம். முதிர்ந்த காட்டிலே கதிரவன் ஒளி நிலத்திற் படாது, புல் முளையாது, யானைக்கு எட்டும் உயரத்திலே தழை குறைவு. பற்றைக்காடும், புல்வெளியும், கைவிடப்பட்ட சேனையும், கோடையில் நீர் வற்றிய குளத்தின் அடிநிலமுமே அதற்கு உணவு மிகுந்த இடங்கள். நம் உலர்வலயத்துக் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் வயலும் ஊருமாய் இருந்து, பழைய இராசரட்டை அரசு பதின்மூன்றாம் நூற்றாண்டளவிற் சிதைந்தபின், தூர்ந்த குளங்களின்மேல் மீண்டு வளர்ந்த காடே. மனிதன் விட்டுச்சென்ற அந்நிலத்திலேதான் யானை செழித்தது.

பின்னரும் நெடுங்காலம் யானையும் உழவனும் ஒரே நிலத்தைக் காலம் பிரித்து ஆண்டனர். மாரிமழையை நம்பிச் சேனை வெட்டுவோன் ஐப்பசி தொடக்கம் மாசி வரை பரண் கட்டி, விடியும்வரை கூவிக் காவல் இருந்தான். அறுவடை முடிந்ததும் சேனையை விட்டகன்றான். மழை ஓய்ந்து காட்டிலே தழை குறையும் அவ்வேளையில், யானை சேனைக்குள் வந்து எஞ்சிய தட்டையையும் புதுத் துளிரையும் மேய்ந்தது. உழவனுக்கு மழைக்காலமும் யானைக்குக் கோடைக்காலமுமாக ஓர் ஒழுங்கு, எழுதப்படாத உறுதியாக, நிலவிற்று. பெருநீர்ப்பாசனம் வந்தபோது இவ்வொழுங்கு குலைந்தது. வாய்க்காலில் ஆண்டு முழுவதும் நீர் வர, நிலம் ஆண்டு முழுவதும் பயிரேறிற்று. யானைக்குரிய பருவம் நாட்காட்டியிலிருந்தே நீங்கிற்று.

ஒதுக்கிடம் என்னும் எண்ணம்

1881ஆம் ஆண்டளவில் இத்தீவின் பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்களவு காடாயிருந்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது. 1956இல் அது 44 பங்காகவும், 2010இல் 30 பங்கினும் சிறிது குறைவாகவும் சுருங்கிற்று. 1949இலே தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1977க்குப் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் உலர்வலயத்துக் காட்டைப் பெருவாரியாக வெளியாக்கின. அவற்றாற் குடும்பங்கள் பல நிலம் பெற்றன. நாட்டுக்கு நெல்லும் மின்சாரமும் கிடைத்தன. அந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

நாமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவர் அல்லேம். குடாநாட்டின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936இலே கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. நம் பெற்றோருள்ளும் பாட்டன்மாருள்ளும் காடு வெட்டிக் கழனியாக்கினோர் பலர். அவருடைய வியர்வையாலே கல்லூரிக் கட்டணம் செலுத்திக் கற்றவரும் நம்முள் இருக்கின்றனர். ஆதலின் இவ்விடயத்திற் பிறரைக் குறை கூறி அமைதல் நமக்கு ஏலாது.

காட்டை வெட்டியோர் விலங்குகளை முற்றாக மறந்தாருமல்லர். 1937இலே விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. மகாவலித் திட்டத்தோடு மாதுறு ஓயா, வஸ்கமுவ முதலிய வனங்கள் ஒதுக்கப்பட்டன. வெட்டிய காட்டின் யானைகளை ஒதுக்கிய காட்டுக்குள் ஓட்டி, சுற்றிலும் மின்வேலி இட்டால் இரு பாலாரும் நலமுறுவர் என்பதே திட்டம் வகுத்தோர் கருத்து. இதிலே ஒரு பிழை மறைந்திருந்தது. ஒதுக்கிய காடு வெறுங்காடன்று. அதன் உணவுக்கும் நீருக்கும் ஏற்ற அளவு யானைகள் அங்கே முன்னரே இருந்தன. நிறைந்த பாத்திரத்தில் மேலும் நீர் வார்த்தால் என்னாகுமோ அதுவே நேர்ந்தது.

வெடி கொளுத்தியும் பறை முழக்கியும் நூற்றுக்கணக்கானோர் கூடி யானைகளைத் துரத்தும்போது, குட்டிகளோடு கூடிய பெண்யானைக் கூட்டங்களே அஞ்சி ஓடும். ஊருக்குள் வந்து பயிரழிக்கும் வழக்கமுடையனவோ பெரும்பாலும் தனித்துத் திரியும் ஆண்யானைகள். அவை துரத்தலுக்கு அஞ்சாது பின்தங்கிவிடும். தெற்கே 2006இல் நிகழ்ந்த பெருந்துரத்தலின் பின், வேலிக்குள் அடைபட்ட கூட்டங்கள் உணவின்றி எலும்புந்தோலுமாய் நின்றன, குட்டிகள் இறந்தன. வெளியிலே பயிரழிவும் குறைந்தபாடில்லை.

பிடித்து வண்டியிலேற்றித் தொலைவிற் கொண்டுபோய் விடுதலும் பயன் தரவில்லை. அங்ஙனம் தேசிய வனங்களில் விடப்பட்ட 12 ஆண்யானைகளை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்து 2012இல் முடிவு வெளியிட்டனர். இரண்டு அவ்வனங்களுக்குள்ளேயே கொல்லப்பட்டன; ஏனைய அனைத்தும் வனங்களை விட்டு வெளியேறின. சில தம் பழைய எல்லையை நாடி நெடுந்தூரம் நடந்தன. சில புதிய ஊர்களிலே புதிய துன்பம் விளைத்தன. பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தோர் படும் பாடு அறிந்த நமக்கு, அவ்விலங்கின் நடையிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை.

விளைவு

இதன் பயன் யாது? 2011இல் நடந்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. யானை வாழும் நிலம் தீவின் ஐந்தில் மூன்று பங்கென்றும், அந்நிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்களவில் மக்களும் வாழ்கின்றனர் என்றும் பின்னர் நடந்த நாடளாவிய ஆய்வு காட்டிற்று. காட்டிலே யானை, நாட்டிலே மனிதன் என்ற பாகுபாடு தாளிலே மாத்திரம் உள்ளது. 2019இல் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. 120 பேரளவில் மக்கள் யானைகளால் மாண்டனர். 2023இல் இறந்த யானைகள் 470க்கு மேல். உயிரிழந்த மக்கள் 160க்கு மேல்.

நம் நாட்டு யானைகளுள் தந்தமுடையன மிகச் சிலவே. ஆதலின் இக்கொலைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்த ஆசை காரணமன்று. துப்பாக்கிச் சூடும், வேலிக் கம்பியில் முறையின்றிப் பாய்ச்சிய மின்சாரமும், ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் வாய்வெடியுமே காரணங்கள். வாய்வெடியைத் தின்பண்டத்துள் மறைத்து வைப்பர். பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் அதனைக் கடிக்கும் இளயானையின் தாடையும் நாவும் சிதையும். உண்ணவும் குடிக்கவும் இயலாமற் பல நாள் நின்று அது சாகும்.

உணவு தேடும் யானை எங்கும் செல்லும். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பொலித்தீனோடு உணவெச்சத்தை விழுங்கி யானைகள் மாண்டமை 2022இன் தொடக்கத்தில் உலகெங்கும் செய்தியாயிற்று. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற இரவுப் புகையிரதம் ஹபரணைக்கு அண்மையில் யானைக் கூட்டமொன்றில் மோத, ஆறு யானைகள் இறந்தன. அப்பாதை அவை தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தின் குறுக்கே கிடக்கின்றது.

மரம் ஒன்றேனும் வெட்டாமலும் வாழிடத்தை அழிக்கலாம் என்பதற்கு மின்னேரியாக் குளம் சான்று. கோடையில் அக்குளம் வற்ற, அடிநிலத்திலே பசும்புல் தழைக்கும். சுற்றுக் காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடும் காட்சியைக் காணப் பிறநாட்டாரும் வருவர். மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் இயங்கத் தொடங்கியபின், கோடையிலும் குளத்துக்கு நீர் திறந்துவிடப்பட்ட ஆண்டுகளிற் புற்றரை நீரில் மூழ்கிற்று. கூடிய யானைகளின் தொகை குறைந்தது. வயலுக்கு நன்மையாகிய நீரே யானைக்குப் பஞ்சமாயிற்று.

உழவன் நிலை

யானைக்கு இரங்குவோர் உழவனை மறத்தலாகாது. நகரத்து வீட்டிலிருந்து விலங்கன்பு பேசுதல் எளிது. கதிர் முற்றிய வயலை ஓரிரவிலே இழந்தவனுக்கு வங்கிக் கடனும் வட்டியும் இழக்கப்படுவதில்லை. விடியலிற் கிணற்றடிக்குச் சென்ற தாய் திரும்பாத வீட்டிலே யானையின் அருமையை நாம் எவ்வாறு எடுத்துரைப்போம்? வன்னியிலே போர்க் காலத்தில் மக்கள் விட்டகன்ற வயல்களையும் வளவுகளையும் பற்றை மூடிற்று. 2009க்குப் பின் மீண்டவர்கள் தம் வளவிற் காட்டையும் காட்டில் யானையையும் கண்டனர். இழப்பின்மேல் இழப்புற்ற அம்மக்களிடம் பொறுமை வேண்டும் என்று சொல்லுமுன், அவர்களுடைய கொட்டிலுக்கும் தென்னைக்கும் காவல் தருதல் முறை.

அது இயலாத காரியமன்று. நெடுங்காலமாக மின்வேலிகள் காட்டுக்குள்ளே இரு திணைக்களங்களின் எல்லைக்கோட்டிலே நாட்டப்பட்டன. வேலியின் இருபுறமும் காடே, இருபுறமும் யானையே. காப்பாற்ற வேண்டிய ஊரோ வேலிக்கு மிகத் தொலைவில். இதனை மாற்றி வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் இடும் முறை வடமேற் பகுதிக் கிராமங்கள் சிலவற்றிற் செய்து பார்க்கப்பட்டது. வயல்வேலியை விதைப்புக் காலத்திலே உழவர் தாமே கூடி நாட்டுவர். அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பர். அப்பொழுது யானை வந்து ஒட்டுத்தாளை மேயும். தம் பயிரைக் காப்பதாகலின் கம்பி அறுந்தால் அன்றே கட்டுவர். பழைய சேனைக் காலத்து ஒழுங்கே புதுக் கருவியோடு மீண்டது எனலாம். 2020இல் அறிஞர் குழுவொன்று அரசுக்களித்த தேசிய செயற்றிட்டம் இம்முறையையே முதன்மையாக விதந்துரைத்தது. யானைகளை வனத்துள் துரத்தி அடைத்தல் பயன்படாது என்பதையும் அத்திட்டம் தெளிவாகக் கூறுகின்றது.

ஆயினும் வேலி, எஞ்சிய காட்டை நாம் எஞ்சவிட்டால் மாத்திரமே உதவும். காட்டுத் துண்டு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே யானை நடக்கும் தடத்தில் ஒரு விடுதியோ ஒரு தோட்டமோ எழுந்தால், பரப்பளவிற் குறைவது சில ஏக்கரே. பயனிற் குறைவதோ இரு காடுகளும். புதிதாக நிலம் வெளியாக்க முற்படுவோர், அங்கே முன்னர் எது வாழ்ந்தது, அது இனி எங்கே செல்லும் என்னும் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே முதல் மரத்தில் வெட்டு விழல் வேண்டும். “வேறெங்கேனும் போகும்” என்பது விடையாகாது. அந்த வேறிடம் இல்லை என்பதே இந்நூற்றைம்பது ஆண்டுகள் கற்பித்த பாடம்.

நம் பழைய மாணவருள் நில அளவையாளரும், நீர்ப்பாசனப் பொறியியலாளரும், வங்கி முகாமையாளரும், காணி நிருவாகத்தில் உயர்பதவி வகிப்போரும் உளர். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வன்னியிற் பண்ணை அமைக்கப் பொருளுதவுவோரும் உளர். காட்டின் எல்லையை வரைபடத்திற் குறிக்கும் பேனா பல வேளைகளில் இவர்கள் கையிலேயே இருக்கின்றது. இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவரிடம் நாளை அது செல்லும். அப்பேனாவை எடுக்குமுன் அந்நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும் என்பதே அவர்களிடம் நாம் வேண்டுவது. ஈரமண்ணிலே பெரிய வட்டச் சுவடுகள் பதிந்திருக்குமாயின், அந்நிலத்துக்கு முன்னரே ஓர் உரித்தாளி உண்டென்று அறிக.

ஆனையிறவில் இன்று பெயர் மாத்திரம் இருக்கின்றது. வன்னியில் யானையே இருக்கின்றது. அங்கும் பெயர் மாத்திரம் எஞ்சும் நாள் வாராதிருத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.